டாஸ் போடாத நாலு ஞாயிறு

கிரிக்கெட் கிரவுண்டப் பாத்துக்கற வேலைன்னா பாதி நேரம் குனிஞ்சி மண்ணப் பாக்கணும், மீதி நேரம் அண்ணாந்து வானத்தப் பாக்கணும். ரெண்டுல எது நம்ம கால வாரும்னு இருவத்திரெண்டு வருசமாகியும் எனக்குப் புடிபடல.

எம்பேரு ஏழுமலை. திருக்கோவிலூர் பக்கம். அஞ்சாங்கிளாஸ் வாத்தியாரும் நானும் ஒரே நாள்ல பள்ளிக்கூடத்த விட்டோம், அவரு பென்சன்ல போனாரு, நான் செவுரு ஏறிக் குதிச்சிப் போனேன். இப்ப டெல்லியில லோதி ரோடு பக்கம், ஆபீஸ்காரங்க ஆடற ஒரு கிரவுண்டுல மாலி. மாலின்னா தோட்டக்காரன். ஆனா புல்லு வெட்டறது, பிட்ச்சுக்குத் தண்ணி காட்டறது, ரோலர் இழுக்கறது, சுண்ணாம்புக் கோடு போடறது எல்லாம் நான்தான். அம்பயர் வரலன்னா அதுவும் நான்தான். ஹிந்திக்காரங்க என்னை பையாம்பாங்க, நம்மாளுங்க ஏழுமலைம்பாங்க. அவுட்டு குடுத்துட்டா ரெண்டு கூட்டமும் வேற பேரு சொல்லும்.

டெல்லி குளிர்ல ஞாயித்துக்கிழமை விடியக்காலையில ரஜாய, அதான் அந்தப் பஞ்சுப் போர்வைய, உதறிட்டு, ரெண்டு ஸ்வெட்டர மாட்டிக்கிட்டு வெளையாடப் போயி, வெளையாடாமயே திரும்பி வந்து, "போனியே, என்னத்தக் கிழிச்ச?"ன்னு வீட்டுல வாங்கிக் கட்டிக்கிட்டவங்க யாராச்சும் இருந்தா இப்படி வாங்க, பக்கத்துல குந்துங்க. போன ஜனவரியில நடந்தது இது. உங்களுக்குப் புரியும்.

பெரிய சீட்டுதான் கேப்டன்

ஆபீஸ் கிரிக்கெட்டுல கேப்டன் யாருன்னு கேக்கவே வேணாம். எந்த ஆபீசர் பெரிய சீட்டுல குந்தியிருக்காரோ அவருதான். பேட்டு புடிக்கத் தெரியுமா, பந்து போடத் தெரியுமா, அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க. முன்னாடி ஒருத்தரு இருந்தாரு, டாஸ் போட்டதும் கார்ல போயி தூங்கிருவாரு. டீம் ஜெயிச்சா எழுப்புவாங்க, தோத்தா தூங்கட்டும்னு விட்டுருவாங்க. இப்ப இருக்கறவரு டெப்டி செக்ரட்டரி விஸ்வநாதன் சார். டெல்லியிலயே பொறந்தவரு. பாதி தமிழு, பாதி ஹிந்தி, நல்ல மனுசன்.

அதே டீம்ல டெஸ்பாட்ச் செக்‌ஷன் சங்கரலிங்கம் சார் முப்பது வருசமா ஆடறாரு. தென்காசிக்காரரு. இடது கையில சுத்தி விடுவாருங்க, பந்து போற வழியிலயே மனசு மாறும். எத்தனையோ கேப்டனுங்களுக்குக் கீழ ஆடியாச்சி. ஒருநாளும் டாஸ் போட்டதில்ல. ஜனவரி கடைசியில ரிட்டயர். டிசம்பர்ல ஒரு மேட்ச் முடிஞ்சி டீ குடிச்சிக்கிட்டு இருந்தப்ப என் வாயி சும்மா இல்ல. "ஏன் சார், தபாலுக்கு முத்திரை குத்தற கையி டாஸ் போட்டா, காசு கீழ விழாம மேலயே நின்னுருமா?"ன்னு விஸ்வநாதன் சார் மூஞ்சிக்கு நேராவே கேட்டுட்டேன். டீ கிளாஸுங்க எல்லாம் பாதி வழியில நின்னுச்சி. என் வேலை போச்சின்னே நெனச்சேன். அவரு சிரிச்சிட்டாரு. "அச்சா! ஜனவரி நாலு சண்டேவும் சங்கரலிங்கம்தான் கேப்டன். பக்கா!"ன்னாரு.

எல்லாரும் போனப்புறம் நான் ஸ்டம்ப்பப் புடுங்கிக்கிட்டு இருந்தேன், சங்கரலிங்கம் சார் கிட்ட வந்தாரு. "இந்த வாய வச்சிக்கிட்டு ஒரு நல்லது பண்ணிட்டீருவே, இதோட நிறுத்திக்கிடும்."

பனிக்குள்ள பதினோரு பேரு

மொத ஞாயிறு. போன்ல எல்லாருக்கும் சூரியன் படம் போட்டிருந்துச்சி. காலையில வெளிய வந்து பாத்தா சூரியனும் இல்ல, ரோடும் இல்ல, என் கையி கூட இல்ல. ஸ்டம்ப்ப நட்டுட்டு ரெண்டு அடி தள்ளி வந்தேன், அப்பறம் எங்க நட்டேன்னு தேடிக்கிட்டு இருந்தேன். அந்தப் பனியில சங்கரலிங்கம் சார் வந்தாரு பாருங்க, மக கல்யாணத்துக்குத் தச்ச மெரூன் கலரு பிளேசர் போட்டுக்கிட்டு. டாஸுக்குப் பிளேசர் போடணும்னு டிவியில பாத்தாராம். பின்னாடியே அவரு சம்சாரம் கோமதி அக்கா, ரெண்டு அடுக்கு நெறைய இட்லியோட.

எதிர் டீமைக் காணோம். ஒம்பதரை வரைக்கும் காத்திருந்தோம். கடைசியில போன் பண்ணுனா, அவங்க கேப்டன் சௌத்ரி சாப், "நாங்க ஏழரைக்கே வந்துட்டோம், நீங்கதான் இல்ல"ன்னு எகிறுறாரு. விஷயம் என்னன்னா, பனியில கேட்டு மாறி பக்கத்து கிரவுண்டுக்குள்ள போயி, யாரோ ஒரு டீம்கூட சேந்து ஓடி, கேட்ச் புடிச்சி, உடம்பச் சூடு பண்ணிக்கிட்டு இருந்திருக்காங்க. ரெண்டு மணி நேரமா ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கல. பனியில தடவித் தடவி அவங்க வந்து சேர்றப்ப பத்தரை. பனி அப்பவும் வெலகல. பதினொண்ணுக்கு அம்பயரு மேட்ச் இல்லன்னுட்டாரு.

சங்கரலிங்கம் சார் பிளேசர் மேல பனித்தண்ணி முத்து முத்தா நின்னுச்சி. அக்கா முந்தானையால தொடச்சி விட்டுக்கிட்டே சொன்னாங்க: "விடுங்க, இன்னும் மூணு வாரம் கெடக்குல்லா."

மூச்சு விடத் தடை

ரெண்டாவது ஞாயிறு பனி இல்ல. அதுக்குப் பதிலா புகை. வானம் பழைய பித்தளைச் சொம்பு மாதிரி இருந்துச்சி, தொண்டையில யாரோ உப்புத்தாள் வச்சித் தேய்க்கற மாதிரி இருந்துச்சி. ஆனாலும் ரெண்டு டீமும் வந்தாச்சி, கேட்டு மாறாம வந்தாச்சி. சங்கரலிங்கம் சார் டாஸுக்கு நடந்து போறாரு. பாதி தூரம் போயிட்டாரு. அப்ப எல்லாரு போனும் ஒரே நேரத்துல டிங்குங்குது. காத்து ரொம்பக் கெட்டுப்போச்சி, வெளிய யாரும் எந்த வெளையாட்டும் வெளையாடக் கூடாதுன்னு உத்தரவு.

இன்னும் பத்து நிமிசம் அந்தப் போனுங்க தூங்கியிருந்தா மனுசன் டாஸ் போட்டிருப்பாரு. "யாரும் போனப் பாக்கல, எனக்கும் படிக்கத் தெரியாது, ஆடுங்க சார்"னு நான் கூடச் சொன்னேன். விஸ்வநாதன் சார் முடியாதுன்னு தலைய ஆட்டிட்டாரு. உத்தரவு உத்தரவுதான். சங்கரலிங்கம் சார் அங்கியே திரும்பி வந்துட்டாரு.

அப்பறம் நடந்ததுதான் கூத்து. வெளிய நின்னு ஆடக் கூடாதுங்கற உத்தரவுக்குக் கட்டுப்பட்ட இருவத்திரெண்டு பேரும், அதே வெளிய, அதே புல்லுல வட்டமாக் குந்தி, மாஸ்க்கத் தாடைக்கு எறக்கிவிட்டுட்டு, ரெண்டு மணி நேரம் இட்லி துன்னாங்க. கரண்டியும் கையுமா நின்ன கோமதி அக்காவுக்குப் பொறுக்கல. "ஆடுனாத்தான் நெஞ்சு கெட்டுப்போவுமோ? திங்கும்போது காத்து கண்ண மூடிக்கிடுமாக்கும்."

ஆலங்கட்டி

மூணாவது ஞாயிறப் பத்தி அதிகம் பேச ஒண்ணுமில்ல. சனிக்கெழமை சாயங்காலம் வரைக்கும் வெயிலு. போன்ல மறுபடியும் அந்த சூரியன் படம். ஞாயிறு காலையில ஆறு மணிக்கு இடி, அதுக்கப்பறம் மழை, அதுக்கப்பறம் கோலிக்குண்டு கணக்கா ஆலங்கட்டி. ஜனவரியிலங்க! தார்ப்பாய இழுத்து பிட்ச்ச மூடறதுக்குள்ள என் மண்டையில எத்தனை விழுந்துச்சின்னு தடவிப் பாத்தா இப்பவும் தெரியும். பிட்ச்சு தப்பிச்சிருச்சி. சுத்தி இருந்த கிரவுண்டுதான் ஏரி.

சங்கரலிங்கம் சார் கொடையும் பிளேசருமா பெவிலியன் படியில நின்னுக்கிட்டு, வராத மேட்ச்சுக்கு யாரு மொதல்ல பந்து போடறதுன்னு சீட்டுல எழுதறாரு, அடிக்கறாரு, மறுபடி எழுதறாரு. என்னால பாக்க முடியல. எதிர் டீம் சௌத்ரி சாப் கார்லேருந்து எறங்கி, ஷூவக் கழட்டிக் கையில புடிச்சிக்கிட்டு, தண்ணியில நடந்து வந்தாரு. "அரே பையா, நீச்சல் டிரெஸ்ஸு கொண்டாரச் சொல்லி ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா?"ன்னு ஹிந்தியில கேட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க. சங்கரலிங்கம் சாரும் சிரிச்சாரு. சிரிச்சிட்டு, எழுதுன சீட்ட நாலா மடிச்சிப் பையில வச்சிக்கிட்டு, மெதுவா என்கிட்ட மட்டும் சொன்னாரு: "ஒண்ணே ஒண்ணுதாம்வே பாக்கி."

என் மூக்கு

இப்ப வர்றதச் சொல்றதுக்கு எனக்கே வெக்கமா இருக்குது. ஆனா சொல்லித்தான் ஆவணும்.

அந்த வாரம் பூரா வெயிலு. ஜனவரி கடைசின்னு சொன்னா நம்ப மாட்டீங்க, ஸ்வெட்டர எல்லாரும் இடுப்புல கட்டிக்கிட்டுத் திரிஞ்சாங்க. பிட்ச்சு காஞ்சி, சாம்பல் பூத்து, வெடிப்பு விட்டுருச்சி. ஆடறதுக்கு ஒண்ணும் குத்தமில்ல. சுத்தி விடற பௌலருக்கு அதுதான் சக்கரைப் பொங்கல். ஆனா பாக்க நல்லால்ல. நாளைக்கு சார் டாஸ் போடறப்ப கோமதி அக்கா போட்டோ எடுப்பாங்க, ஊருல எல்லாருக்கும் அனுப்புவாங்க, அதுல என் பிட்ச்சு சொறி புடிச்ச மாதிரி தெரியுமேன்னு எனக்குள்ள ஒரு அரிப்பு. லேசாத் தண்ணி காட்டி, ரோலர் இழுத்துட்டா கருப்பட்டி மாதிரி மின்னும். குளிர்காலத்துல ஞாயித்துக்கெழமை மேட்ச்சுன்னா வியாழக்கெழமைக்கு அப்பறம் பிட்ச்சுல ஒரு சொட்டுத் தண்ணி படக் கூடாது. சின்னப் புள்ளைக்கும் தெரியும். சனிக்கெழமை மத்தியானம் நான் ஓஸ் பைப்பக் கையில எடுத்தேன்.

லேசாத்தான் நெனச்சேன். வெயிலு சுள்ளுன்னு இருந்துச்சா, மண்ணு குடிக்கக் குடிக்க நானும் ஊத்திக்கிட்டே இருந்துட்டேன். அந்த நேரம் பாத்துக் கோமதி அக்கா கேட்டோரமா வந்தாங்க, நாளைக்கு எத்தனை பேருன்னு கேக்க. பைப்பப் பாத்துட்டு, "ஏ தம்பி, ராத்திரி பனி எறங்கும்னு போன்ல போட்டிருக்காம்லா, தண்ணி ஊத்துதீரே?"ன்னாங்க. நிறுத்தியிருக்கலாம். அப்பக் கூடக் காயறதுக்கு நேரம் இருந்துச்சி. ஆனா ஒருத்தர் ஒண்ணு சொன்னா பதிலுக்கு ஒண்ணு சொல்லாம இருக்க மாட்டனே. "அக்கா, மூணு வாரமா உங்க போனு ஒரு நாளாச்சும் உண்மை பேசிச்சா? சூரியன்னுச்சி, பனி வந்துச்சி. சூரியன்னுச்சி, ஆலங்கட்டி வந்துச்சி. இப்ப பனிங்குது, அப்பன்னா வெயிலுதான். போனத் தூக்கி அரிசி டப்பாவுல போடுங்க, என் மூக்க நம்புங்க. இந்த மூக்கு இருவத்திரெண்டு வருசம் டெல்லி குளிர்ல ஒழுகுன மூக்கு"ன்னேன். அக்கா வயித்தப் புடிச்சிக்கிட்டு சிரிச்சாங்க. என் பேச்சு எடுபட்டுருச்சின்னு எனக்குப் பெருமை. ரோலர இன்னும் நாலு இழுப்பு சேத்து இழுத்தேன்.

போறப்ப திரும்பிப் பாத்துச் சொன்னாங்க: "சரி தம்பி, ஒம்ம மூக்க நம்பி நாளைக்கு நாப்பது இட்லி கூட ஊத்துதேன்."

கட்டை விரலு

காலையில அஞ்சரைக்குக் கதவத் தொறந்தேன். பனி உள்ளார வந்து குந்துச்சி. ஓடிப்போயி பிட்ச்சுல கைய வச்சேன். கூழு.

ஒம்பதரைக்கு சூரியன் வந்துச்சி, காய்ச்சல்காரன் மாதிரி. பத்தரைக்கு நல்லாவே வந்துச்சி. செவுத்துக்கு அந்தப் பக்கம் பக்கத்து கிரவுண்டுல கைத்தட்டல் கேக்குது. அங்க டாஸ் போட்டு ஆரம்பிச்சிட்டாங்க. நம்ம பக்கம் ரெண்டு டீமும், பிளேசரும், இட்லியும் ரெடி. அம்பயரு பிட்ச்சுல கட்டை விரல வச்சி அழுத்துனாரு. வெரலு நகக்கண்ணு வரைக்கும் உள்ள போச்சி. "கீலா ஹை, பையா." ஈரம். அரை மணி கழிச்சி மறுபடி அழுத்துனாரு. ஈரம். மரத்தூளு போட்டேன், கோணியப் போட்டு ஒத்தி எடுத்தேன், எங்கிட்ட இருந்த ஒரே கம்பளியையும் போட்டு ஒத்துனேன். காயல. "பக்கத்துல ஆடறாங்களே, நம்ம பிட்ச்சுக்கு க்யா ஹோ கயா, என்ன ஆச்சி?"ன்னு விஸ்வநாதன் சார் கேட்டாரு. என் வாயி ரெடியா இருந்துச்சி. "ராத்திரி பனி சார். நம்ம கிரவுண்டு பள்ளம், பனி வந்து தேங்கிரும்."

பனி தேங்குமாங்க? நம்பிட்டாங்க. எல்லாரும் சேந்து வானத்தத் திட்டுனாங்க, நானும் கூட நின்னு நாலு வார்த்தை திட்டுனேன். கோமதி அக்கா மட்டும் இட்லி அடுக்கத் தொறக்கவும் இல்ல, என்னப் பாக்கவும் இல்ல. சங்கரலிங்கம் சார் பிளேசரோட முட்டி போட்டு, அவரும் கட்டை விரல வச்சாரு. ரொம்ப நேரம் வச்சிருந்தாரு. எழுந்து கையத் தொடச்சிக்கிட்டாரு. பன்னெண்டரைக்கு அம்பயரு மேட்ச் இல்லன்னு ஸ்டம்ப்ப எடுக்கச் சொல்லிட்டாரு.

விஸ்வநாதன் சாருக்கு மனசு கேக்கல. "சங்கரலிங்கம், சும்மா ஒரு டாஸ் போடுங்க, ஒரு போட்டோ எடுத்துக்கலாம், அதுல என்ன?"ன்னாரு. சௌத்ரி சாப்பும் சரின்னு பக்கத்துல வந்து நின்னாரு. சங்கரலிங்கம் சார் பிளேசரக் கழட்டிக் கையில போட்டுக்கிட்டாரு. "பொண்ணே வராத மணமேடையில தாலியக் கையில புடிச்சிக்கிட்டு போட்டோ எடுக்கச் சொல்லுதியளே சார்."

பிப்ரவரி வெயிலு

பிப்ரவரி வந்துச்சி. வெயிலுன்னா அப்படியொரு வெயிலு. பனி இல்ல, புகை இல்ல, மழை இல்ல. ஞாயிறு தவறாம மேட்ச்சு. வேலையில இருக்கறவங்கதான் ஆபீஸ் டீம்ல ஆடலாம்னு சட்டம் இருக்கறதால, விஸ்வநாதன் சார் பழையபடி டாஸ் போட்டாரு. ஒவ்வொரு தடவையும் காசு மேல போறப்ப நான் வேற பக்கம் திரும்பிக்குவேன்.

ஒரு புதன்கெழமை நான் தனியா ரோலர் இழுத்துக்கிட்டு இருந்தேன். சங்கரலிங்கம் சார் வந்தாரு. சாமானெல்லாம் லாரியில போயாச்சாம், நாளன்னைக்கு ரயிலாம். கால்ல கட்டற அவரோட பழைய பேடு ரெண்டு கொண்டாந்திருந்தாரு, கிரவுண்டுல கெடக்கட்டும்னு. என்னால அதக் கையில வாங்க முடியல. ரோலர விட்டுட்டுச் சொல்லிட்டேன். "சார், அன்னைக்குப் பனி இல்ல சார். நான்தான். சனிக்கெழமை மத்தியானம் தண்ணி ஊத்திட்டேன். அக்கா வேணாம்னாங்க. உங்க போட்டோவுக்குப் பிட்ச்சு மின்னணும்னு..." அதுக்கு மேல வரல. எனக்கே ஆச்சரியம், மொதத் தடவையா என் வாயில பேச்சு நின்னுபோச்சி.

அவரு பேட கீழ வச்சாரு. "தெரியும்வே"ன்னாரு.

"அக்கா சொன்னாங்களா சார்?"

"அவ எதுக்குச் சொல்லணும்? பனின்னா மேல மட்டும் நனையும். வெரல வச்சா அடியில பாறையா இருக்கும். அன்னைக்கு வெச்ச வெரலு உள்ள போயிக்கிட்டே இருந்துச்சி. முப்பது வருசம் பிட்ச்சத் தடவித் தடவிப் பந்து போட்டவனுக்கு ஓஸ் பைப்பு தெரியாதாவே?"

"அப்ப ஏன் சார் அங்கியே சொல்லல? எல்லாரும் வானத்தத் திட்டிக்கிட்டு இருந்தாங்களே."

"சொல்லியிருந்தா விஸ்வநாதன் சார் அன்னைக்கே ஒம்ம சீட்டக் கிழிச்சிருப்பாரு. டாஸ் போட்டாலும் போடாட்டாலும் அன்னைக்குப் பேப்பர்ல கேப்டன்னு எம்பேருதானே எழுதியிருந்துச்சி? சொல்லவா வேண்டாமான்னு யோசிச்சேன், வேண்டாம்னு முடிவெடுத்தேன். முப்பது வருசத்துல கேப்டனா நான் எடுத்த ஒரே முடிவு அதுதான்."

நான் அவரு காலத் தொடப் போனேன். தோளப் புடிச்சி நிமுத்தி விட்டாரு. கண்ணு செவந்திருந்துச்சி, கோவமா என்னன்னு தெரியல. "மன்னிச்சிட்டேன்னு மட்டும் நெனச்சிராதீரும், தென்காசி போயிச் சேருத வரைக்கும் ஒம்மத் திட்டிக்கிட்டேதான் போவேன்."

வானம் கெடுத்தா அண்ணாந்து நாலு வார்த்தை திட்டிட்டு வீட்டுக்குப் போயி ரஜாய்க்குள்ள பூந்துக்கலாம், நம்ம கையே கெடுத்துச்சின்னா, அந்தக் கையிலயே ரோலரப் புடிச்சி ஞாயிறு தவறாம இழுத்துக்கிட்டுத்தான் கெடக்கணும்.